சலான் வண்டிக்கு வருது, ஓட்டினது யாரு?

எங்க ஆம்னி வண்டிக்கு போன மாசம் இன்சூரன்ஸ் முடிஞ்சது. வருஷா வருஷம் ஒட்டன்சத்திரத்துல ஒரு தம்பிகிட்டதான் போடுறது. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காய் இறக்கிட்டு அப்படியே அவர் கடைக்குப் போனேன். வண்டி நம்பரை போன்ல தட்டிப் பார்த்தவர் சிரிச்சார்.

"அண்ணே, மூணு சலான் நிக்குது. தெரியுமா?"

எனக்கு ஒண்ணுதான் தெரியும். திண்டுக்கல் ரோட்டுல சீட் பெல்ட் போடாம போனது. அது நான்தான், மறுக்கலை. மார்க்கெட்டுக்குப் போற அவசரம்னு ஒரு காரணம் வெச்சிருந்தேன். காய் வாடுமே தவிர பெல்ட் போடுறதுக்கு ரெண்டு செகண்டுதான் ஆகும். அதுக்கு 1,000 ரூபாய். ரெண்டாவது, மதுரையில ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல நோ பார்க்கிங், 500. அன்னைக்கு வண்டியை எடுத்துட்டுப் போனது என் மச்சான், அவங்க அம்மாவைக் காட்டுறதுக்கு. மூணாவது, பைபாஸ்ல போன் பேசிக்கிட்டே ஓட்டினது, 1,000. போட்டோவுல முகம் தெரியலை, ஆனா சட்டை தெரியுது. என் பங்காளி மகனோட சட்டை. நாங்க பொங்கலுக்கு எடுத்துக் கொடுத்தது.

மொத்தம் 2,500 ரூபாய். வண்டிக்குக் கட்ட வேண்டிய தேர்ட் பார்ட்டி பிரீமியம் 2,094, ஜிஎஸ்டி சேர்த்தா 2,471. இன்சூரன்ஸை விட சலான் கூட. தம்பி சொன்னார், "இப்போதைக்கு இதனால பிரீமியம் ஏறாதுண்ணே. ஆனா ஒருநாள் ஏறும். அப்படி ஒரு திட்டம் இருக்கு."

வீட்டுக்கு வந்து அதைப் பத்தி படிச்சேன். படிச்சதுல இருந்து மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. உங்கள்ல பலபேர் சென்னையிலயும் கோயமுத்தூர்லயும் கார் வெச்சிருக்கீங்க. இது உங்களுக்கும் வரப்போற விஷயம்தான். கிராமத்துல இது எப்படி விழும்னு நான் சொல்றேன்.

இன்சூரன்ஸை மேற்பார்க்குற ஐஆர்டிஏஐ அமைச்ச ஒரு குழு 2021 ஜனவரியில ஒரு அறிக்கை கொடுத்தது. போக்குவரத்து விதிமீறலுக்குன்னு பிரீமியத்துல தனியா ஒரு பகுதி சேர்க்கலாம்னு அதுல சொன்னாங்க. ஒவ்வொரு தப்புக்கும் புள்ளி. குடிச்சிட்டு ஓட்டினா 100, தப்பான இடத்துல நிறுத்தினா 10. முந்தின ரெண்டு வருஷத்துப் புள்ளியைக் கூட்டி, டூவீலருக்கு 100 ரூபாயில இருந்து 750 வரைக்கும், நாலு சக்கர வண்டிக்கு 300-ல இருந்து 1,500 வரைக்கும் கூடுதலா வாங்கலாம்னு கணக்கு. முதல்ல டெல்லியில வெள்ளோட்டம் பார்க்கலாம்னாங்க. அப்புறம் 2024 செப்டம்பர்ல டெல்லி துணைநிலை ஆளுநர் இதே விஷயத்தைக் கேட்டு மத்திய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அதனால பேச்சு சாகலை, அவ்வப்போது தலை தூக்குது.

இதுல எனக்கு ஒப்புதல் உண்டா இல்லையான்னு கேட்டா, முக்கால்வாசி உண்டு.

இப்ப நடக்குற முறையைப் பாருங்க. தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை அரசாங்கம் நிர்ணயிக்குது. இன்ஜின் எத்தனை சிசின்னு மட்டும்தான் பார்ப்பாங்க. 2022 ஜூன்ல போட்ட ரேட்டுப்படி 1,000 சிசிக்குள்ள கார்னா 2,094. ஓட்டுறவன் நாப்பது வருஷமா ஒரு கீறல் போடாதவனா, வாரம் ரெண்டு தடவை போதையில பிடிபடுறவனா, கேள்வியே கிடையாது. நம்ம வண்டி சேதத்துக்குப் போடுற பாலிசியில நோ கிளைம் போனஸ்னு ஒண்ணு இருக்கு. கிளைம் கேட்காம இருந்தா முதல் வருஷம் 20 சதவீதம் தள்ளுபடி, போகப்போக 50 வரைக்கும். ஆனா அதுவும் நல்லா ஓட்டுறதுக்குக் கொடுக்குற பரிசு இல்லை. பணம் கேட்காததுக்குக் கொடுக்குற பரிசு. எங்க ஊர் டீச்சரம்மா கார் மேல, நிறுத்தி வெச்ச இடத்துல தென்னை மட்டை விழுந்து கண்ணாடி போச்சு. கிளைம் பண்ணாங்க, போனஸ் போச்சு. தெருவுல கோழி மேலயும் குழந்தை மேலயும் ஏத்துற மாதிரி ஓட்டுற ஒருத்தர் இருக்கார். இடிச்சா கைக்காசு போட்டு டிங்கரிங் பண்ணிக்குவார். அவருக்கு 50 சதவீதம் தள்ளுபடி.

மாட்டுக்கு இன்சூரன்ஸ் போடும்போது கால்நடை டாக்டர் வந்து பல்லைப் பார்ப்பார், மடியைப் பார்ப்பார், ஆரோக்கியமா இருக்குன்னு எழுதிக் கொடுத்துக் காதுல தோடு மாட்டினாத்தான் பாலிசி. சீக்கு மாட்டுக்குப் போட மாட்டாங்க. மாட்டைப் பார்க்குறாங்க, மனுஷனைப் பார்க்க மாட்டேங்குறாங்க.

"அதான் அபராதம் கட்டிட்டோமே, ஒரே தப்புக்கு ரெண்டு தண்டனையா?"ன்னு சிலபேர் கேப்பாங்க. டீக்கடையில இதைச் சொன்னப்ப எங்க ஊர்லயும் அதைத்தான் கேட்டாங்க. எனக்கு அப்படித் தோணலை. அபராதம் நடந்த தப்புக்கு. பிரீமியம் இனிமே நடக்கலாம்ங்குற ஆபத்துக்கு. ரெண்டும் ஒண்ணு இல்லை.

அப்ப மீதி கால்வாசி எங்க இடிக்குது? புள்ளி யார் கணக்குல ஏறுதுங்குறதுல இடிக்குது. அந்த அறிக்கைப்படி கூடுதல் பிரீமியம் வண்டியோட பதிவுபெற்ற ஓனர் தலையில. ஓட்டினவன் யாருன்னு பார்க்காது.

பட்டணத்துல ஒரு வண்டின்னா அதை ஓட்டுறது வீட்டுல ஒருத்தர், ரெண்டு பேர். கிராமத்துல வண்டி அப்படி இல்லைங்க. எங்க ஆம்னி பேப்பர்ல என் பேர்ல இருக்கு, நிஜத்துல அது தெருவுக்கே சொந்தம். ராத்திரி யாருக்காவது நெஞ்சு வலின்னா, 108 வர்றதுக்குள்ள கதவைத் தட்டுவாங்க. பொண்ணு பார்க்கப் போக, காது குத்துக்கு, கோர்ட்டுக்கு, பழனிக்கு. நான் தோட்டத்துல தண்ணி கட்டிக்கிட்டு இருப்பேன், சாவி வீட்டு ஆணியில தொங்கும். யாரு கேட்டாலும் வீட்டுல எடுத்துக் கொடுத்துடுவாங்க. இல்லைன்னு சொன்னா அடுத்த நல்லது கெட்டதுக்கு நம்ம வாசல்ல ஆள் நிக்காது. டிவிஎஸ் எக்ஸ்எல்லும் அப்படித்தான். உர மூட்டை ஏத்த ஒருத்தர், பால் கொண்டுபோக ஒருத்தர்.

லண்டன் பக்கம் வேலை பார்க்குற சொந்தக்காரப் பையன் ஒருத்தன் இருக்கான். அவன்கிட்ட கேட்டேன். அங்க புள்ளி லைசென்ஸ்ல ஏறுமாம். வேகமாப் போய் மாட்டினா குறைஞ்சது 3 புள்ளி, நாலு வருஷம் லைசென்ஸ்ல நிக்கும். மூணு வருஷத்துக்குள்ள 12 புள்ளி சேர்ந்தா வண்டி ஓட்டவே தடை வரும். இன்சூரன்ஸ் போடும்போது இந்த வண்டியை யார் யார் ஓட்டுவாங்கன்னு பேர் கொடுக்கணும், அவங்க புள்ளியை வெச்சு பிரீமியம் ஏறும். பேர் கொடுக்காதவன் தொடக்கூடாது. நம்ம ஊர்ல அப்படி இல்லை, செல்லுபடியாகுற லைசென்ஸ் இருந்தா பொதுவா யார் வேணா ஓட்டலாம். அந்தப் பையன் "பெரியப்பா, இங்க எங்க பக்கத்து வீட்டுக்காரருக்கு நான் காரைக் கொடுக்க மாட்டேன், அவரும் கேட்க மாட்டார்"னான். சரிதான். அந்த ஊர் வழக்கத்துக்கு அந்தச் சட்டம் பொருந்துது. நம்ம வழக்கத்துக்கு வண்டி நம்பர்ல புள்ளி ஏத்துனா என்ன ஆகும்? கொடுத்தவன் கட்டுவான், ஓட்டினவன் அடுத்த வீட்டு ஆணியில இருக்குற சாவியைத் தேடிப் போவான்.

லைசென்ஸுக்கும் நம்பர் இருக்கு, கம்ப்யூட்டர்ல இருக்கு. அதுல ஏத்துங்க. லைசென்ஸ் இல்லாம ஓட்டினவன்னா அவனுக்கு 5,000 அபராதம் ஏற்கனவே சட்டத்துல இருக்கு. கேமரா போட்டோவுல ஆள் தெரியாதுன்னு சொல்வாங்க. உண்மைதான். கேமராவுக்கு வண்டியே சில நேரம் சரியாத் தெரியறது இல்லை. எங்க பக்கத்துத் தோட்டக்காரர் டிராக்டருக்கு ஹெல்மெட் போடலைன்னு சலான் வந்தது. நம்பர்ல ஒரு எழுத்து மாறிப்போச்சு. அதை ரத்து பண்ண அவர் நாலு நாள் அலைஞ்சார், நாலு நாள் கூலி போச்சு. இந்த லட்சணத்துல சலானை வெச்சு பிரீமியமும் ஏறும்னா, முதல்ல சலான் சரியா இருக்கணும் இல்லையா.

ஆனா இதைவிடப் பெரிய பயம் எனக்கு இன்னொண்ணு.

எங்க பக்கத்து ஊர்ல ஒரு பால்காரர். சொசைட்டிக்கு ரெண்டு கேன் கட்டி எக்ஸ்எல்ல போவார். ஆறு வருஷம் முன்னாடி ஒரு விடியக்காலையில எதிர்ல வந்த பைக் இடிச்சு, தொடை எலும்பு ரெண்டு இடத்துல போச்சு. இடிச்ச பையன் அதுக்கு முன்னாடியே குடிச்சிட்டு ஓட்டி மாட்டினவன், மூணு பேரா போய் மாட்டினவன். ஒவ்வொரு தடவையும் பணத்தைக் கட்டிட்டு வண்டியை எடுத்துக்கிட்டு வந்தான். அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. கேஸ் போட்டாங்க, இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துல நாலு லட்சத்துச் சொச்சம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. யார் கொடுக்குறது? இன்சூரன்ஸ் இல்லை, அதனால ஓனர். ஓனர் யாருன்னா அந்தப் பையனோட தாய்மாமன். கூலி வேலை செய்யுறவர். தங்கச்சி மகன் கேட்டான்னு சாவியைக் கொடுத்தவர். இதுவரைக்கும் அறுபதாயிரம் கொடுத்திருக்கார், அதுவும் ஆட்டை வித்து. பால்காரர் மாட்டை வித்துட்டார், கேன் தூக்க முடியலை. அவர் சம்சாரம் மார்க்கெட்டுல தக்காளி தரம் பிரிக்கப் போகுது. ரெண்டு குடும்பமும் சேர்ந்து கெட்டுப்போச்சு. அன்னைக்கு அந்த வண்டிக்கு சில நூறு ரூபாய்க்கு ஒரு பாலிசி இருந்திருந்தா, கம்பெனி கொடுத்திருக்கும்.

இப்ப கணக்கைப் பாருங்க. எக்ஸ்எல் மாதிரி 75-ல இருந்து 150 சிசிக்குள்ள வண்டிக்கு வருஷத் தேர்ட் பார்ட்டி 714 ரூபாய். அதுக்கு மேல விதிமீறலுக்குன்னு 750 வரைக்கும் சேர்த்தா டபுளுக்கு மேல போகுது. அந்தப் பையன் மாதிரி ஆளு என்ன பண்ணுவான்? திருந்துவான்னு அதிகாரிங்க நினைக்கிறாங்க. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் அவன் இன்சூரன்ஸே போட மாட்டான். இன்சூரன்ஸ் இல்லாம பிடிபட்டா முதல் தடவை 2,000, அடுத்த தடவை 4,000. பிடிபட்டாத்தானே? எங்க ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவுல ஏழு கிலோமீட்டர், ஒரு செக்கிங் கிடையாது. 2018 செப்டம்பருக்கு அப்புறம் புது டூவீலர் வாங்கும்போதே அஞ்சு வருஷத்துக்குத் தேர்ட் பார்ட்டி கட்டணும்னு ஆனதால, அந்த அஞ்சு வருஷம் பாதுகாப்பு. அது முடியுற தேதி யாருக்கும் ஞாபகம் இருக்காது. நாட்டுல ஓடுற வண்டிகள்ல பாதிக்கு மேல இன்சூரன்ஸ் இல்லாம ஓடுதுன்னு செய்தியில வந்துக்கிட்டேதான் இருக்கு. இந்த நிலைமையில தப்புப் பண்ணினவனுக்கு இன்சூரன்ஸைக் கூட்டினா, யாருக்குக் கண்டிப்பா இன்சூரன்ஸ் இருக்கணுமோ அவன்தான் முதல்ல வெளியே போவான். அவன் இடிக்கப் போறது இன்னொரு பால்காரரை.

தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் ஓட்டுறவனுக்காக இல்லைங்க, இடிபடுறவனுக்காக. அதனால அந்தத் தொகையில கை வைக்காதீங்க. அதை எல்லாரும் கட்டுற மாதிரி வெச்சிருங்க. கூடுதல் பணத்தை வண்டிச் சேதத்துக்குப் போடுற பாலிசியில ஏத்துங்க. கார் வெச்சு அதுக்கு முழுப் பாலிசி போடுறவன் கட்டக்கூடியவன். இல்லைன்னா லைசென்ஸ் புதுப்பிக்கும்போது வாங்குங்க. அஞ்சு வருஷம் ஒரு சலான் இல்லாதவனுக்கு நூறு ரூபாயாவது குறைச்சுக் காட்டுங்க. தோட்டத்துல பூச்சி மருந்து அடிக்கிறப்ப கூட நல்ல பூச்சியை விட்டுட்டுத்தான் அடிக்கணும்னு இப்ப சொல்றாங்க.

ஓனர் மேல பொறுப்பே வேண்டாம்னு நான் சொல்லலை. லைசென்ஸ் இல்லாதவன்கிட்ட வண்டியைக் கொடுத்து விபத்து நடந்தா, பாலிசி இருந்தாலும் தப்பிக்க முடியாது. கம்பெனி இடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுக்கும், அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணும். 2004-லயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாச் சொல்லியிருக்கு. அதுவும் தெரிஞ்சே கொடுத்தாரா, விசாரிக்காம கொடுத்தாரான்னு பார்ப்பாங்க. 18 வயசு ஆகாத பையன் ஓட்டினா பெத்தவங்களுக்கோ ஓனருக்கோ 25,000 அபராதம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், வண்டிப் பதிவு 12 மாசம் ரத்து. பட்டணத்துல இருக்குற நீங்களும் ஆக்டிங் டிரைவர்கிட்டயோ அக்கா மகன்கிட்டயோ சாவியைக் கொடுக்கும்போது இதை ஞாபகம் வெச்சுக்கங்க. இந்த விஷயம் எனக்கே இத்தனை வருஷம் சரியாத் தெரியாது. என் ரெண்டு ஏக்கர் அந்த ஆணியில தொங்கிக்கிட்டு இருந்திருக்கு.

இன்னொண்ணையும் மறைக்காம சொல்லிடறேன். சின்ன வெங்காயம் நடவு சமயத்துல குட்டி யானையில பதினஞ்சு இருபது பொம்பளை ஆளுங்களை ஏத்திக்கிட்டு வருவோம். நானும் ஏத்தியிருக்கேன். சரக்கு வண்டியில ஆள் ஏத்துறது விதிமீறல். கவிழ்ந்தா அந்த ஆளுங்களுக்கு நாங்க பொறுப்பில்லைன்னு கம்பெனி வாதாடும். காலையில ஆறு மணிக்கு அந்த ஊருக்கு பஸ் இருந்தா நாங்க ஏன் ஏத்தப்போறோம்னு பதில் சொல்லலாம். ஆனா கவிழ்ந்தா பதில் சொல்ல அங்க யாரும் இருக்க மாட்டாங்க. இந்த வருஷம் ஷேர் ஆட்டோ ரெண்டு நடை அடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். ஆளுக்கு இருபது ரூபாய் கூட ஆச்சு. வெங்காயம் விக்கிற விலைக்கு அது கனமான இருபதுதான்.

சலான் விஷயத்துக்கு வர்றேன். பாலிசி போட்டு மூணு நாள் கழிச்சு, ராத்திரி ஒன்பது மணிக்குப் பங்காளி மகன் வந்து நின்னான். அதே சட்டைக்காரன். அவன் குழந்தைக்குக் காய்ச்சல், ஒட்டன்சத்திரம் போகணும், சாவி வேணும். வழக்கமா ஆணியைக் கைகாட்டுவேன். அன்னைக்கு வாய் வந்துடுச்சு.

"லைசென்ஸைக் காட்டுடா."

அவன் என்னைப் பார்த்தான். என் வீட்டுக்காரம்மா என்னை முறைச்சுச்சு, குழந்தை அனலாக் கொதிக்குது, இப்பப் போய் இது என்ன கேள்வின்னு. அவன் போனை எடுத்துத் தேடித் தேடிக் காட்டினான். எல்எல்ஆர். அதுவும் முடிஞ்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. ரெண்டு வருஷமா எத்தனை தடவை எங்க வண்டியை எடுத்திருப்பான், எத்தனை பேரை ஏத்திக்கிட்டுப் போயிருப்பான்! ஒருநாள் கூட நான் கேட்டதில்லை.

சட்டையை மாட்டிக்கிட்டு நானே ஓட்டினேன். சீட் பெல்ட் போட்டேன். அவன் பின்னாடி குழந்தையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்து வந்தான், ஒரு வார்த்தை பேசலை. கொடுக்க மாட்டேன்னுட்டாரேன்னு கோபமோன்னு நினைச்சேன். திரும்பி வரும்போது குழந்தை தூங்கிடுச்சு. அப்பத்தான் வாயைத் திறந்தான்.

"பெரியப்பா, அந்த போன் பேசின சலான் ஆயிரத்தை நான் கட்டிடறேன்."

"கட்டு. முதல்ல எல்எல்ஆர் போடு"ன்னேன்.

போட்டுட்டான். 30 நாள் கழிச்சுத்தான் டெஸ்ட். அதுவரைக்கும் எங்க ஆம்னியிலதான் பழகுறான், பக்கத்து சீட்டுல நான். வண்டிக்கு முன்னாடியும் பின்னாடியும் சிவப்புல எல் போர்டு ஒட்டியாச்சு. நேத்து மார்க்கெட்டுல காய் இறக்கும்போது கமிஷன் கடைக்காரர் அதைப் பார்த்துட்டு, "என்னண்ணே, இந்த வயசுல வண்டி பழகுறீங்களா?"ன்னு கேட்டார். ஆமான்னேன்.